ஃபோன் வராத நிம்மதி

பம்மல் நாகல்கேணிப் பக்கம் வந்து "லேப் ஜாபர் பாய் வீடு எது?" என்று கேட்டால், தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற யாராவது கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பாதிப் பேர் அவர் ரத்தம் எடுப்பவர் என்றே நினைத்திருந்தார்கள். அவருக்கோ ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். தாம்பரத்தில் இருக்கும் தோத்தாத்ரி பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. இருபத்திநாலு வயதில், அந்த லேபின் முதல் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுக்கக் கடையிலிருந்து வந்தவர். வந்த இடத்திலேயே இருந்துவிட்டார். லேப் ஒரு கிளையிலிருந்து பதினாலு கிளையானது. அவரும் ஐ.டி. மேனேஜர் ஆனார்.

மேனேஜர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. மேடவாக்கத்தில் நெட் போனாலும் குரோம்பேட்டையில் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டாலும் அவருடைய ஃபோன்தான் அடிக்கும். 2015 வெள்ளத்தில் மேற்குத் தாம்பரம் கிளைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது, ஹார்ட் டிஸ்க் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே நடந்து வந்தவர் அவர். லேப் முதலாளியான பெரிய டாக்டர் அந்தக் கதையைச் சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் தோத்தாத்ரி காலமான பிறகு மகன் ஷ்யாம்சுந்தர் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் படித்தவர். கெட்டவர் இல்லை. வேகமானவர், அவ்வளவுதான். 2022இன் கடைசியில், லேப் முழுக்கப் புது சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று முடிவாயிற்று. எதை வாங்குவது, எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்பதையெல்லாம் ஜாபரே தீர்மானிக்கலாம் என்று ஷ்யாம்சுந்தர் சொல்லிவிட்டார். அந்த நம்பிக்கையில் ஜாபருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது லேபில் ஞானஜோதி என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், சேலையூரிலிருந்து வருவார். பதினோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை. ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஏதாவது இருந்தால், டாக்டர் அதில் சிவப்புக் குறி போட்டு ஞானஜோதியிடம் அனுப்புவார். ஞானஜோதி அந்த வீட்டுக்கு ஃபோன் செய்வார். என்ன நோய் என்று சொல்ல மாட்டார். "இன்னைக்கே வந்து ரிப்போர்ட்டை வாங்கிட்டு உங்க டாக்டரைப் பாத்துடுங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்வார். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார். அதற்கும் எடுக்காவிட்டால் எந்தக் கிளையில் ரத்தம் கொடுத்தார்களோ அங்கே கேட்டு, பக்கத்து வீட்டு நம்பரையாவது தேடிப் பிடிப்பார். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அது பழகிப்போயிருந்தது. தோத்தாத்ரி லேபிலிருந்து ஃபோன் வந்தால் பயப்பட வேண்டும், வராவிட்டால் பயமில்லை.

ஜாபர் அந்த வேலையைப் புது சாஃப்ட்வேரிடம் ஒப்படைத்தார். அதற்கு அவரிடம் நியாயமும் இருந்தது. முந்தின வருடம் ஞானஜோதி அம்மை போட்டுப் பத்து நாள் வராதபோது, ஒரு டெங்கு நோயாளிக்குச் சொல்ல வேண்டிய தகவல் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. பதினாலு கிளையின் பாரம் ஒரே ஒரு மனுஷியின் தலையில் நிற்பது சரியில்லை என்று அவர் மனதாரவே நம்பினார். இனிமேல் ரிப்போர்ட் தயாரான அந்த நிமிடமே வாட்ஸப்பில் போய்விடும். சிவப்புக் குறி உள்ளதென்றால் "உடனே மருத்துவரைப் பார்க்கவும்" என்ற வரியும் சேர்ந்து போகும்.

மீட்டிங்கில் இதை அவர் விளக்கியபோது கடைசி நாற்காலியிலிருந்து ஞானஜோதி கேட்டார்.

"மெசேஜ் போய்ச் சேரலன்னா எப்படித் தெரியும் சார்?"

"போகாதது எல்லாம் தனியா ஒரு பக்கத்துல வந்து நிக்கும்மா. நானே கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

"அந்தப் பக்கத்தை யார் சார் பாப்பாங்க?"

"அதுக்கு ஆள் போடுவோம்."

ஷ்யாம்சுந்தர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர் இருந்தது. 'போகாத செய்திகள்' என்ற வரிக்கு எதிரே மட்டும் ஜாபர் தன் கையால் 'பிறகு முடிவு செய்யப்படும்' என்று டைப் செய்தார். அந்த மாதம் பெருங்களத்தூர்க் கிளை திறப்பு. பழைய பதிவுகளையெல்லாம் புது இடத்துக்கு மாற்றும் வேலை வேறு. அந்த 'பிறகு' வரவேயில்லை.

ஞானஜோதியை மேடவாக்கம் கிளையில் பில் போட அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். விடைபெற அவர் வந்தபோது ஜாபர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினார்.

2023 செப்டம்பரில் ஒரு புதன்கிழமைக் காலை. பம்மல் கிளையில் ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஜாபர் அங்கே போயிருந்தார். மேஜைக்கடியில் உட்கார்ந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு குரல் கேட்டது.

"ஏழு மாசம் முன்னாடி எடுத்த டெஸ்ட்டும்மா. பேரு ரத்தினபாய். பெரியாஸ்பத்திரி டாக்டரு, பழைய ரிப்போர்ட்டு கீதான்னு கேக்குறாரு."

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு அவ்வளவு பழைய ரிப்போர்ட்டைத் திறக்க அனுமதியில்லை. ஜாபர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ரசீது இருந்தா குடுங்க, நான் பாக்குறேன்" என்றார். காக்கிச் சட்டை போட்ட, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். பெயர் ஏசுதாசன். பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாலாக மடித்து வைத்திருந்த ரசீதைப் பிரித்துக் கொடுத்தார்.

ஜாபர் திறந்தார். மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சாம்பிள். அவர் மருத்துவம் படித்தவரில்லை. ஆனால் இருபது வருடமாக ரிப்போர்ட் பார்க்கிறவர். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். பக்கத்திலேயே டாக்டர் போட்ட சிவப்புக் குறி. அதன் கீழே மூன்று வரி. ரிப்போர்ட் தயார், பிப்ரவரி பதினாலு. செய்தி அனுப்பப்பட்டது, பிப்ரவரி பதினாலு. சென்று சேரவில்லை.

"அண்ணா, உங்க ஃபோன்ல வாட்ஸப் இருக்கா?"

"அதெல்லாம் ஏது சார்." பையிலிருந்து பட்டன் ஃபோனை எடுத்துக் காட்டினார். "இதான் எங்க ரெண்டு பேருக்கும்."

"அப்போ இந்த ரிப்போர்ட் பத்தி யாரும் சொல்லலையா?"

"பத்து நாள் கழிச்சு என் சம்சாரம் இங்கியே வந்து கேட்டுச்சு சார். எல்லாம் ஃபோனுக்கே வரும், ஏதாச்சும் பிரச்சினைன்னா கூப்புடுவாங்கன்னு சொன்னாங்களாம். எங்க தெருவுல ஒருத்தருக்குக் கூட அப்பிடித்தான் கூப்ட்டு சொன்னாங்க. எங்களுக்கு ஃபோன் வரல. சரி, ஒண்ணும் இல்லன்னு அன்னிக்கு சர்ச்சுல கர்த்தர் காப்பாத்துனாருன்னு சாட்சி சொல்லி, எல்லாருக்கும் கேக்கு குடுத்துச்சு. இப்போதான் சார், ரெண்டு மாசமா முதுகு வலி தாங்கலன்றா."

பிரிண்டர் கரகரத்து இரண்டு தாளைத் தள்ளியது. ஏசுதாசனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. தாளை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார். அந்தப் பொண்ணு இல்லன்னுடுச்சு, நீங்க எடுத்துக் குடுத்தீங்க" என்றார். ஜாபர் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் அதே கவுன்டரில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடத் திறக்காத அந்தப் பக்கத்தைத் திறந்தார். போகாத செய்திகள், முந்நூற்று நாற்பது. பெரும்பாலும் சாதாரண சர்க்கரை, கொழுப்பு ரிப்போர்ட்டுகள். சிவப்புக் குறியோடு பதினொன்று. அன்று மதியத்துக்குள் ஒவ்வொரு நம்பராக அவரே அடித்தார். ஒன்பது பேர் ஏதோ ஒரு வழியில் ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரைப் பார்த்துவிட்டிருந்தார்கள். மேடவாக்கத்தில் ஒரு ஆளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது தெரியாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பதினொன்றாவது பெயர் ரத்தினபாய்.

மறுநாள் ஷ்யாம்சுந்தரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "ரிப்போர்ட்டை வந்து வாங்கிக்க வேண்டியது பேஷன்ட் பொறுப்புன்னு ரசீது பின்னாடியே போட்டிருக்கோம் ஜாபர்" என்றார்.

"அது இங்கிலீஷ்ல இருக்கு சார். பொடி எழுத்துல."

"நான் வக்கீல்கிட்ட பேசறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். முக்கியமா அந்த ஃபேமிலிகிட்ட. உங்களையும் சேத்துதான் காப்பாத்தறேன், புரியுதா?"

புரிந்தது. அதுதான் அவரை இரண்டு நாள் சாப்பிட விடாமல் செய்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி ஃபாயிசா என்னவென்று கேட்டாள். சொன்னார். அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணும்னு பண்ணலையே" என்றாள்.

"ஞானஜோதி அன்னைக்கே கேட்டா. யார் பாப்பாங்கன்னு நேருக்கு நேரா கேட்டா. நான் ஆள் போடுவோம்னு சொன்னேன்."

ஃபாயிசா எழுந்துபோய்ச் சோற்றை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப் பதிவில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு போனார். அவர் வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. ரத்தினபாய் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாகச் செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. ஏசுதாசன் ஜாபரை அடையாளம் கண்டு, "அட, லேப் சார்! வாங்க வாங்க. இவருதான்மா அன்னிக்கு ரிப்போர்ட்டு எடுத்துக் குடுத்தாரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஜாபர் உட்காரவில்லை.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்க."

பிப்ரவரி பதினாலாம் தேதியே ரிப்போர்ட் தயாராகிவிட்டதைச் சொன்னார். முன்பு ஃபோன் செய்ய ஒரு ஆள் இருந்ததையும், அதை எடுத்துவிட்டு மெசேஜ் அனுப்பும்படி மாற்றியதையும், பட்டன் ஃபோனுக்கு அது வராமல் போனதையும், வராமல் போனது கம்ப்யூட்டரில் தெரிந்தும் அதைப் பார்க்க ஆள் இல்லாததையும் சொன்னார்.

ஏசுதாசனுக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது.

"அப்போ அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"லேப்புக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லல."

"ஃபோன் பண்ண வேணான்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்."

ஏசுதாசன் அவர் சட்டையைப் பிடித்தார். "ஏழு மாசம்யா! முதுகெலும்புல பரவிடுச்சுன்றான் டாக்டரு. ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தா ஆபரேசன் பண்ணி எடுத்திருக்கலாம்னு சொல்லிட்டு மூஞ்சிக்கு நேரா கேக்குறான், இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு. நான்தான் கவனிக்கலன்னு நெனச்சிக்கினு நாலு நாளா சோறு எறங்கலய்யா எனக்கு!"

ஜாபர் கையை விலக்கவில்லை. கட்டிலிலிருந்து ரத்தினபாய், "விடுங்க அவர" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. ஏசுதாசன் விட்டார். விட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ரத்தினபாய் ஜாபரைப் பார்த்தார். "ஃபோன் பண்ணுவாங்களே ஒரு அக்கா, அவங்க இப்ப இல்லையா?"

"இல்லம்மா."

"எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு அவங்கதான் கூப்பிட்டாங்க. ஆறேழு வருசம் இருக்கும். அவ இன்னிக்கும் நல்லா இருக்கா." கண்ணை மூடிக்கொண்டார். "நான் ஃபோனப் பக்கத்துலயே வெச்சிருந்தேன் சார். குளிக்கப் போனாக்கூட எடுத்துட்டுப் போனேன். ஒரு மாசம்."

அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்று ஜாபருக்கு நினைவில்லை. வருவதற்கு முன்னால், நடந்ததைத் தமிழில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட இரண்டு தாளைக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தார். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஷ்யாம்சுந்தரிடம் தானே போய் அதையும் சொல்லிவிட்டார். "இருபத்தோரு வருஷம் இருந்திருக்கீங்க. அப்பா உங்களைப் பத்தி எப்படிப் பேசுவார் தெரியுமா?" என்றார் ஷ்யாம்சுந்தர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. ஆனாலும் ராஜினாமா கேட்டார். மூன்று மாதம் இருந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார். ஜாபர் மறுக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஒன்று மட்டும் நடந்தது. ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடும் டாக்டர் ஸஹானா, விஷயம் தெரிந்ததும் நேராக ஷ்யாம்சுந்தர் அறைக்குப் போனார். "சிவப்புக் குறி போடறது நான். அது யாருக்கும் போய்ச் சேரலன்னா நான் போட்டதுக்கு அர்த்தமே இல்ல. மனுஷங்க ஃபோன் பண்ணாம இனிமே ஒரு ரிப்போர்ட்டுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் இரண்டு பேரைப் போட ஒத்துக்கொண்டார்கள்.

ஆள் வரும்வரை அந்த நாற்காலியில் ஜாபரே உட்கார்ந்தார். காலை பத்து மணிக்கு ஸஹானாவிடமிருந்து பட்டியல் வரும். முதல் நாள் மூன்று பெயர். பதினோரு வருடம் ஒரு பெண் இதை எப்படிச் செய்தாள் என்பது முதல் ஃபோனிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "தோத்தாத்ரி லேபிலிருந்து பேசறேன்" என்றதும் எதிர்முனையில் பேச்சு நின்றுவிடும். பின்னால் டிவி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், மனிதக் குரல் மட்டும் இருக்காது. பிறகு மெதுவாக, "சொல்லுங்க" என்பார்கள். சிலர் அங்கேயே அழுவார்கள். ஃபோனை வைக்கவும் முடியாது, பேசவும் முடியாது. ஒருநாள் ஒரு கிழவர், "தப்பா இருக்காது இல்ல? வேற ஆளோட ரிப்போர்ட்டா இருக்காதே?" என்று நாலு முறை கேட்டார். நாலு முறையும் ஜாபர் பெயரையும் வயதையும் சரிபார்த்துச் சொன்னார்.

ஞானஜோதியைத் தேடிப் போனார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் வைத்து நடந்ததைச் சொன்னார். மறுபடி வந்துவிடும்படி கேட்டார்.

"நான் அன்னைக்கே கேட்டேனே சார்" என்றார் ஞானஜோதி.

"கேட்டீங்க."

"அந்தம்மா பேர் என்ன?"

"ரத்தினபாய்."

ஞானஜோதி டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "நான் வரல சார். கோபத்துல சொல்லல. அந்த வேலைய விட்டப்புறம்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வருது. ஆனா அதை நெனச்சு சந்தோஷப்பட்டதுக்கு இப்போ..." என்று முடிக்காமல் எழுந்து கடைக்குள் போய்விட்டார்.

டிசம்பர் முடிவில் ஜாபர் லேபை விட்டு வந்தார். கடைசி நாளில் ஸஹானாவிடம், அதுவரை கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார். "பிப்ரவரியிலேயே தெரிஞ்சிருந்தா அந்தம்மாவுக்குக் குணமாகியிருக்குமா டாக்டர்?"

"அதைக் கேக்காதீங்க ஜாபர்" என்றார் ஸஹானா. பிறகு, அவர் போகாமல் நிற்பதைப் பார்த்து, "உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. வாய்ப்பு நிறையவே இருந்திருக்கும்" என்றார்.

ஏசுதாசன் அந்த இரண்டு தாளை வைத்து வழக்குப் போடவில்லை. போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ரத்தினபாய் வேண்டாம் என்றுவிட்டாராம். இருக்கிற நாளில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கூடவே இருங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். ஜாபருக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மாதம் ஒருமுறை அந்தத் தெருமுனை வரை போவார். சில தடவை உள்ளேயும் போனார். ஏசுதாசன் பேசமாட்டார், எழுந்து வெளியே போய்விடுவார். ரத்தினபாய் மட்டும் ஏதாவது பேசுவார். ஒருமுறை, ஆஸ்பத்திரி டோக்கனை ஃபோனிலேயே எடுக்கலாமாமே, அது எப்படி என்று கேட்டார். ஜாபர் தன் ஃபோனில் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

2024 அக்டோபரில் ரத்தினபாய் இறந்துபோனார். பெரிய மழைக்கு முந்தின வாரம். கல்லறைத் தோட்டத்தில் ஜாபர் மற்றவர்களுக்குப் பின்னால், மதில் ஓரமாக நின்றார். போதகர் ஜெபம் முடித்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுக் கலைந்தபோது, ஏசுதாசன் அவரைப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். ஓராண்டில் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"உம்மேல எனக்கு கோவம் போவல பாய்" என்றார். "போவும்னும் தோணல."

"போக வேணாம்ணா."

"ஆனா நீயா வந்து சொல்லலன்னா, நான்தான் அவள சாவடிச்சேன்னு நெனச்சிக்கினே இருந்திருப்பேன். கோவத்தோட இதையும் சேத்து எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னுதான் தெரியல."

குழி மூடுகிறவர்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஏசுதாசனின் தோளைத் தொட்டு அழைத்துப் போனார். ஜாபர் மதில் ஓரமாகவே நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகு குழியருகே போய், கீழே கிடந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மேட்டின்மேல் போட்டார். கையைத் துடைக்காமலே பம்மல் மெயின் ரோடு வரை நடந்து போனார்.